வலி அறியாக் காயம்

ஜவ்வாது மலையில் முள் தைத்தால் கால் தானே பின்வாங்கும். தொழுநோயால் நரம்பு பட்டுப்போன காலோ அம்முள்ளோடு மேலும் நடக்கும்.

விரல்கள் நோயால் அழுகி உதிர்வதாகவே உலகம் நெடுங்காலம் நம்பியது. மலைக்கு வடக்கே, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946-இல் வந்த பால் பிராண்டு வேறு உண்மை கண்டார்: உணர்விழந்த உறுப்பு, சூட்டையும் காயத்தையும் அறியாமல் சிறிதுசிறிதாகச் சிதைகிறது. 1914-இல் கொல்லிமலையில் பிறந்த அவர், தசைநாண்களை இடம் மாற்றி முடங்கிய விரல்களை நிமிர்த்தினார்.

1981-இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து கிருமியைக் கொல்லும். முற்றும் பட்டுப்போன நரம்பை மீட்காது. எனவே தகுந்த காலணியும், நாள்தோறும் கைகால்களை ஆராயும் வழக்கமும் வேண்டும். நரம்பின் காவலைக் கண் ஏற்கிறது. மருந்து முடிந்தபின்னும் அக்காவல் முடிவதில்லை.