துள்ளும் சாளரங்கள்: ஒரு சிறு வரலாறு

2007 ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு மாலைப்பொழுது. மடவளையிலுள்ள எங்கள் வீட்டில் கட்டுரையொன்றைத் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தேன். அருகே தன் கணினியோடு அமர்ந்திருந்த மருமகன், "மாமா, இங்க பாருங்க" என்றான். திரை ஒரு கனசதுரமாய்ச் சுழன்றது. அவன் இழுத்த சாளரம் ஜெலி போல நெளிந்தது. ஈய எழுத்துகளின் காலத்தில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவனுக்கு அது கண்கட்டு வித்தையாகவே தோன்றிற்று.

வித்தையின் வேரைத் தேடினேன். 1984 இல் வெளிவந்த மெக்கின்டோஷ் கணினியில் ஒரு கோப்புறையைத் திறந்தால், வெறும் கோட்டுச் சட்டங்கள் அதிலிருந்து விரியும். எது எங்கிருந்து வந்தது என்பதைக் கண்ணுக்கு உணர்த்துவதே அதன் நோக்கம். 1993 இல் சாங், அன்கர் என்னும் இரு ஆய்வாளர்கள், கார்ட்டூன் கலைஞரின் உத்திகளைக் கணினித் திரைக்குக் கொணரலாம் என எழுதினர். விண்டோஸ் 95 இல் சாளரத்தின் தலைப்புப் பட்டை பணிப்பட்டையை நோக்கிச் சுருங்கிச் சென்றது. 2001 இல் மெக் ஓஎஸ் எக்ஸ், குப்பிக்குள் புகும் பூதம்போலச் சாளரத்தை உள்ளிழுத்தது.

2006 இல் நொவெல் நிறுவனம் வெளியிட்ட கொம்பிஸ், வரைகலை அட்டையின் ஆற்றலைக் கொண்டு கனசதுரத்தையும் நெளிவையும் லினக்ஸுக்கு அளித்தது. அதே ஆண்டில் அதிலிருந்து பெரில் பிரிந்தது. 2007 இல் இரண்டும் இணையக் கொம்பிஸ் பியூஷன் பிறந்தது. எந்தச் சாளரம் எவ்வாறு தோன்ற வேண்டும், எத்தனை மில்லி செக்கனில் மறைய வேண்டும் என்பதையெல்லாம் பாவிப்பவரே தீர்மானிக்கலாம்.

என் கணினியிலும் அதை நிறுவச் சொன்னேன். ஒரு வாரம் மகிழ்ந்தேன். பின்னர் தலை சுற்றத் தொடங்கியது. முன்பிருந்தே உட்செவிக் கோளாறு உள்ளவன் நான். சாளரம் நெளியும்போது நாற்காலியும் நெளிவதுபோல் இருந்தது. எழுதுவதே ஜீவனம் என்றிருப்பவன் திரையைப் பார்க்க முடியாவிட்டால் என்ன செய்வான்? வயதின் பலவீனம் என்றெண்ணி, வெட்கத்தால் எவரிடமும் சொல்லாமல் எல்லா அசைவுகளையும் நிறுத்திவிட்டேன்.

அது என் பலவீனம் மட்டுமன்று என்பதை 2013 இல் அறிந்தேன். அப்பிளின் ஐஓஎஸ் 7 கொணர்ந்த பெருக்க அசைவுகளால் குமட்டலும் தலைச்சுற்றும் உண்டாவதாகப் பலர் முறையிட்டனர். மறு மாதமே வெளிவந்த 7.0.3 பதிப்பில் அவற்றை நிறுத்த வழி செய்யப்பட்டது. 2017 முதல் இணைய உலாவிகளும் இத்தகைய விருப்பத்தை இணையத்தளங்களுக்குத் தெரிவிக்கத் தொடங்கின. இன்று விண்டோஸ் 11 இன் அணுகல்தன்மைப் பகுதியில், காட்சி விளைவுகள் என்பதன் கீழ் அதற்கொரு ஆளி இருக்கிறது.

இளைஞர் அசைவுகளைக் கூட்டி மகிழட்டும். அது அவர்கள் உரிமை. குறைத்துக்கொள்வதும் அதே உரிமைதான். உங்கள் வீட்டுப் பெரியவர் கணினியின் முன்னிருந்து அடிக்கடி எழுந்து போகிறாரெனில், ஒருமுறை அந்த ஆளியை அணைத்துப் பாருங்கள்.