சிங்கப்பூர் – மலாயாத் தமிழ் வாசகரும் பொது நூலகமும்: ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

ஒரு சமுதாயத்தின் இலக்கிய வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் படைப்பாளர்களையும் படைப்புகளையும் இதழ்களையுமே முதன்மையாகக் கொள்கின்றனர். அப்படைப்புகள் எவ்வழியாக வாசகரின் கைக்கு வந்து சேர்ந்தன என்னும் வினா அத்துணை கருத்தைப் பெறவில்லை. சிங்கப்பூர், மலாயா ஆகிய இரு நிலப்பகுதிகளிலும் தமிழ் நூல்கள் அச்சாகத் தொடங்கிய காலத்திற்கும், பொது நூலகம் தமிழ் வாசகருக்கு முறையாகக் கதவு திறந்த காலத்திற்கும் இடையே ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் கழிந்துள்ளன. இவ்விடைவெளியில் தமிழ் வாசகர் தமக்குரிய நூல்களை எங்ஙனம் கண்டடைந்தனர் என்பதையும், நூலகம் வந்த பின்னர் நிகழ்ந்த மாற்றங்களையும் இக்கட்டுரை சுருக்கமாக ஆராய முற்படுகின்றது.

அச்சு இருந்தது, நூலகம் இல்லை

சிங்கப்பூரில் அச்சான தமிழ் நூல்களுள் இதுவரை அறியப்பட்டவற்றில் பழைமையானது 1872இல் வெளிவந்த ‘முனாஜாத்துத் திரட்டு’ ஆகும். இதன் ஆசிரியர் நாகூர் முகம்மது அப்துல் காதிறுப் புலவர். 1887இல் சி. ந. சதாசிவ பண்டிதரின் ‘சிங்கைநகர் அந்தாதி’ வெளிவந்தது. அதே ஆண்டில் சி. கு. மகுதூம் சாயபு ‘சிங்கைநேசன்’ இதழைத் தொடங்கி 1890 வரை நடத்தினார். இவற்றை நோக்குங்கால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே இங்குத் தமிழில் எழுதுவோரும் அச்சிடுவோரும் வாங்கிப் படிப்போரும் இருந்தமை தெளிவாகின்றது.

இதே காலத்தில் சிங்கப்பூரில் நூலகமும் இருந்தது. 1845இல் பங்குதாரர்களின் பணத்தைக் கொண்டு தொடங்கப்பட்ட சிங்கப்பூர் நூலகம், 1874இல் அரசின் பொறுப்பில் இராஃபிள்ஸ் நூலகமும் அருங்காட்சியகமும் என்னும் பெயரில் இயங்கலாயிற்று. 1887இல் அது ஸ்டாம்ஃபோர்டு சாலையில் புதிய கட்டடம் பெற்றது. ஆயினும் அதன் நூல்களில் மிகப் பெரும்பாலானவை ஆங்கில நூல்களே. நூல்களை இரவல் பெற விரும்புவோர் சந்தா செலுத்த வேண்டியிருந்தது. ஆங்கிலம் அறியாத, நாட்கூலி பெற்று வாழ்ந்த தமிழருக்கு அந்நூலகத்தில் படிப்பதற்கென எதுவும் இருந்ததாகக் கூற இயலாது. ‘சிங்கைநகர் அந்தாதி’யும் இராஃபிள்ஸ் நூலகத்தின் புதிய கட்டடமும் ஒரே ஆண்டில், ஒரே நகரில் தோன்றியும் ஒன்றையொன்று அறியாதிருந்தன எனலாம்.

இங்கு மற்றொரு செய்தியும் கருதத்தக்கது. நீரிணைக் குடியேற்றங்களில் 1886இல் இயற்றப்பட்ட நூற்பதிவுச் சட்டத்தின் வழி, இங்கு அச்சான நூல்களின் படிகள் அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. அவற்றுள் சில இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தைச் சென்றடைந்தன. இங்கே செல்லரித்தும் கைமாறியும் மறைந்துபோன சில தொடக்ககாலத் தமிழ் நூல்கள் அங்கே பிழைத்திருந்தமைக்கு இதுவே காரணம். அச்சட்டம் வெளியீடுகளைக் கண்காணிக்கும் ஆட்சித் தேவையிலிருந்து பிறந்தது. வாசகரின் நலன் அதன் நோக்கமன்று. எனவே நூல் பேணப்படுதலும் நூல் வாசிக்கப்படுதலும் வெவ்வேறு செயல்கள் என்னும் உண்மையை இவ்வரலாறு தொடக்கத்திலேயே உணர்த்திவிடுகின்றது.

இதழே நூலகம், வட்டமே வழிகாட்டி

நூலகம் ஆற்ற வேண்டிய பணியை இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நாளேடுகளே மேற்கொண்டன. கோலாலம்பூரில் 1924இல் ‘தமிழ் நேசன்’ தொடங்கப்பெற்றது. அது 2019 வரை வெளிவந்தது. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935இல் ‘தமிழ் முரச’த் தொடங்கினார். தோட்டக் குடியிருப்புகளிலும் நகரக் கடைகளிலும் எழுத்தறிந்த ஒருவர் ஏட்டைப் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்பது அக்கால வழக்கம். ஓர் ஏட்டின் ஒரு படி பல குடும்பங்களுக்குப் பயன்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவ்வேடுகள் வாசகரை உருவாக்கும் பணியிலும் இறங்கின. 1950ஆம் ஆண்டில் ‘தமிழ் நேசன்’ வழியாகச் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய ‘கதை வகுப்பு’ இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. சிறுகதை எழுதக் கற்பிப்பதே இதன் நோக்கமாயினும், எழுதக் கற்போர் முதலில் நல்ல கதைகளைத் தேடிப் படிக்க வேண்டியவராயினர். இவ்வாறு எழுத்துப் பயிற்சி வாசிப்புப் பயிற்சியாகவும் அமைந்தது.

இதனையடுத்து, ‘தமிழ் நேசன்’ ஆசிரியப் பொறுப்பை ஏற்றுத் தமிழகத்திலிருந்து வந்த எழுத்தாளர் கு. அழகிரிசாமி, 1950களின் நடுப்பகுதியில் கோலாலம்பூரில் ‘இலக்கிய வட்டம்’ என்னும் அமைப்பின் வழிப் படைப்புகளைக் கூடிப் பேசும் வழக்கத்தை வளர்த்தார். இவர் தமிழகத்தில் இருந்தபோது ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாருடன் பழகியவர். திருநெல்வேலியில் ரசிகமணியின் இல்லத்தில் கூடிய ‘வட்டத்தொட்டி’, ஒரு பாடலைப் பலர் முன் உரக்கப் படித்து, நின்று சுவைக்கும் முறைக்குப் பெயர் பெற்றது. கூடிப் படிக்கும் இம்மரபின் சாயலைக் கோலாலம்பூர் வட்டத்திலும் காணலாம். இத்தகைய கூட்டங்களில் ஒருவர் தாம் படித்ததைப் பற்றிப் பேச, கேட்டவர் அந்நூலைத் தேடிச் செல்வர். நூற்பட்டியலும் நூலகரும் இல்லாத சூழலில் வாசகருக்கு வழிகாட்டியது சக வாசகரின் சொல்லே ஆகும்.

மக்கள் பணத்தில் அமைந்த நூலகம்

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைக்கும் திட்டம் எழுந்தபோது, அங்கு முதன்மை பெற வேண்டிய மொழி சமற்கிருதமா தமிழா என்னும் விவாதமும் உடன் எழுந்தது. தமிழுக்காக வாதாடிய சாரங்கபாணி, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதித் திரட்டைத் தம் ஏட்டின் வழி முன்னெடுத்தார். பொதுமக்கள் அளித்த அந்நிதி பல்கலைக்கழகத்தின் தமிழ் நூலகத்திற்குப் பயன்பட்டது. துறை 1956இல் தொடங்கப்பெற்றுப் பின்னர்க் கோலாலம்பூரில் நிலைபெற்றது. பல்கலைக்கழக வாயிலை மிதித்தறியாத பலர், தாம் ஒருபோதும் புரட்டிப் பார்க்க வாய்ப்பில்லாத நூல்களுக்காகப் பணம் கொடுத்தனர். தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவற்றைப் படிப்பர் என்னும் நம்பிக்கையே இதற்கு அடிப்படை எனக் கொள்ளலாம்.

சிங்கப்பூரில் மாற்றம் வேறொரு வழியில் வந்தது. வணிகரும் கொடையாளருமான லீ கொங் சியான் 1953இல் புதிய நூலகத்திற்கென 375,000 வெள்ளி வழங்க முன்வந்தார். அது கட்டணமற்ற பொது நூலகமாக இருத்தல் வேண்டும், உள்ளூர் மக்களின் மொழிகளுக்கும் அங்கு இடம் இருத்தல் வேண்டும் என்பன அவர் விதித்த நிபந்தனைகள். சீனர் ஒருவர் விதித்த இந்நிபந்தனை, மலாய், சீன வாசகர்க்குப் போன்றே தமிழ் வாசகர்க்கும் வாயிலைத் திறந்தது. ஸ்டாம்ஃபோர்டு சாலையில் எழுந்த தேசிய நூலகக் கட்டடம் 12 நவம்பர் 1960 அன்று திறப்பு விழாக் கண்டது. 1970இல் குவீன்ஸ்டவுனில் முதல் முழுநேரக் கிளை நூலகம் திறக்கப்பட்டது. தமிழ் நூல் ஒன்றைச் சந்தாவின்றி வீட்டிற்கு எடுத்துச் செல்லும் உரிமை தமிழருக்கு இவ்வாறுதான் கிட்டிற்று.

பட்டியலின் பயன்

நூல்கள் நிலைப்பேழைகளில் இருந்தால் மட்டும் போதாது. அவை இருப்பதாக அறியும் வழியும் வேண்டும். இத்தேவையை நிறைவுசெய்தவர் இராம சுப்பையா. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்கள், இதழ்கள் ஆகியவற்றைத் தொகுத்து அவர் உருவாக்கிய ‘தமிழ் மலேசியானா’ என்னும் பட்டியலை மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969இல் வெளியிட்டது. இந்நாட்டு இலக்கியத்தை ஆராய்வோர்க்கு அது இன்றளவும் ஒரு தொடக்கப் புள்ளியாக விளங்குகின்றது. பின்னாளில், 2015இல், சிங்கப்பூர்த் தமிழ்ச் சமூகத் தொண்டூழியர்கள் தேசிய நூலக வாரியத்துடன் இணைந்து, 1965 முதல் வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்னிலக்க வடிவில் தொகுத்தளித்தனர். ஐம்பதுகளில் நிதி அளித்த மக்களின் செயலுக்கும் இதற்கும் உறவு உண்டு. நூலகம் அரசின் கொடையாக மட்டும் இங்கு வளரவில்லை.

முடிவுரை

மேற்கண்ட செய்திகளால் இரு கருத்துகள் புலனாகின்றன. வாசகரும் வட்டங்களும் இருந்து நூலகம் இல்லாத காலத்தில், நூல்கள் படிக்கப்பட்டன. ஆனால் பல அழிந்துபோயின. வாசகரின் தொடர்பின்றிப் பேணப்பட்ட இடத்தில், நூல்கள் பிழைத்தன. ஆனால் படிப்பாரின்றிக் கிடந்தன. இலண்டனில் காக்கப்பட்ட நூல் சிராங்கூன் சாலை வாசகருக்கு இல்லாத நூலே ஆகும்.

இன்று நூலகம் உண்டு, பட்டியல் உண்டு, திரையிலேயே நூலைப் படிக்கும் வசதியும் உண்டு. இவையனைத்தும் இருந்தும், ‘இந்நூலைப் படித்தீர்களா?’ என்று கேட்கும் ஒருவர் இல்லையெனில், நூல் தன் வாசகரை அடைவது அரிது. ஆகவே நூலக வரவுசெலவுத் திட்டங்களில் நூல் கொள்முதலுக்கு ஒதுக்கப்படும் கவனம், வாசகர் வட்டங்களுக்கும் தமிழறிந்த நூலகர்களுக்கும் ஒதுக்கப்படுதல் வேண்டும். தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்தோர் தம் சிறு வருவாயிலிருந்து எடுத்துக் கொடுத்த வெள்ளிக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி, அவர்கள் வாங்கித் தந்த நூல்களை எடுத்துப் படிப்பதே ஆகும்.