கைமாற்று வைத்த பெயர், வலை வைத்த பெயர்

விலையும் வயதும் கூடிய இத்தாலிய உணவகம் என்றால், குடும்பப் பெயரைப் பெருமையாகப் பொறித்த பலகையை வாசலில் எதிர்பார்ப்போம். வெனிஸின் ஹாரிஸ் பாரிலும் அது இல்லை; மாந்தோவா மாகாணத்துச் சிற்றூர் ருனாத்தேயில் இருக்கும் தால் பெஸ்கத்தோரேயிலும் இல்லை. முன்னது ஒரு வாடிக்கையாளரின் பெயர். பின்னது ஒரு தொழிலின் பெயர். ‘மீனவர் கடை’ என்று சொல்லலாம்.

ஹாரி பிக்கரிங் என்ற பாஸ்டன் இளைஞர், ஓட்டல் பாரில் மது கலந்துகொடுத்த ஜூசெப்பே சிப்ரியானியிடம் 10,000 லீரா கைமாற்று வாங்கிப் போனார். திரும்பி வந்து கடனை அடைத்ததோடு, கடை வைக்கச் சொல்லி இன்னும் 40,000 லீரா கொடுத்தார். 1931இல் கடை திறந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஓலியோ ஆற்றில் வலை வீசிய அன்தோனியோ சாந்தீனி ருனாத்தேயில் ஒரு குடிசைக் கடை போட்டார். அவர் பிடித்துவந்த மீனை மனைவி தெரேசா சமைத்தார். கூடவே ஒரு கோப்பை ஒயின். அங்கே திரும்பி வந்த கடன், இங்கே கைத்தொழில். இரண்டிலும் பெரிய மூலதனம் என்று எதுவும் இல்லை.

இடத்தைப் பார்த்தால் முழு வேற்றுமைதான் என்று தோன்றும். ஒன்று சான் மார்க்கோ சதுக்கத்துக்குக் கூப்பிடு தூரம். மற்றது வயல்களுக்கு நடுவே. ஆனால் ஹாரிஸ் பார் இருக்கும் சந்து அப்போது ஒரு முட்டுச்சந்து. வழிப்போக்கர் நுழைய வேண்டாம், தேடி வருபவர் வந்தால் போதும் என்றுதான் ஜூசெப்பே அந்த இடத்தைப் பிடித்தார். ருனாத்தேயையும் யாரும் தற்செயலாகக் கடந்து போவதில்லை. வெனிஸில் தண்ணீரோரம் கடை வைத்தும் தண்ணீர் தெரியாத மங்கல் கண்ணாடி போட்ட துணிச்சலை நான் ரசிக்கிறேன். காட்சியை விற்க அவர் நினைக்கவில்லை.

இனி தட்டுக்கு வருவோம். ஹாரிஸ் பாரின் புகழ்பெற்ற பண்டம் கார்ப்பாச்சோ. சமைத்த இறைச்சி கூடாது என்று மருத்துவர் விலக்கிய ஒரு சீமாட்டிக்காக ஜூசெப்பே செய்தது. பச்சை மாட்டிறைச்சியைக் காகித மெலிவில் சீவித் தட்டை மூடப் பரப்பி, மயோனைசில் எலுமிச்சைச் சாறும் பாலும் வூஸ்டர் சாஸும் கலந்து, கரண்டி நுனியிலிருந்து கோடு கோடாக இழுத்துவிடுவார்கள். சிவப்பின்மேல் வெள்ளை, ஓவியர் கார்ப்பாச்சோவின் வண்ணங்கள் என்று அவர் பெயரையே வைத்தார்கள். நெருப்பே படாத உணவு.

தால் பெஸ்கத்தோரேயின் புகழ்பெற்ற பண்டம் பூசணி தோர்த்தெல்லி. இதில் நெருப்புக்கும் கைக்கும் ஓய்வே இல்லை. பூசணியை வேகவைத்து, ஈரம் வற்றவிட்டு மசிக்க வேண்டும். பாதாம் பிஸ்கட்டான அமரெத்தியைப் பொடித்துச் சேர்க்க வேண்டும். கடுகின் காரம் ஏறிய பாகில் ஊறிய பழமான மொஸ்தார்தாவை நறுக்கிப் போட்டு, பார்மிஜானோ சீஸைத் துருவிப் பூரணம் பிடிக்க வேண்டும். பிறகு முட்டை மாவை விரல் நிழல் தெரியும் அளவுக்குத் தேய்த்து, பூரணம் வைத்து மடித்து, கொதிநீரில் போட்டு எடுத்து, வெண்ணெய் ஊற்றுவார்கள். இனிப்பு முதலில் வரும். உப்பு பின்னால் வரும். கடுகுக் காரம் கடைசியாக மூக்கில் ஏறும்.

ஒன்றில் வேலை குறைவு, மற்றதில் மிகுதி. விலையோ இரண்டிலும் மிகுதி. ஹாரிஸ் பாரில் ஒரு கோப்பை பெல்லினி, அதாவது வெண்பீச் பழக்கூழில் ப்ரொசெக்கோ ஒயின் ஊற்றிய பானம், 20 யூரோவுக்கு மேல். ருனாத்தேயில் ஒருவர் வரிசையாகச் சுவைத்து முடித்தால் 200 யூரோவைத் தாண்டும். அங்கே 1996 முதல் மூன்று மிஷலின் நட்சத்திரங்கள். ஹாரிஸ் பாரில் இன்று ஒன்றும் இல்லை. நட்சத்திரமில்லாத இடம் இவ்வளவு கேட்கலாமா என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. பூசணிக்கு இவ்வளவா என்று யாரும் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. என் கணக்கில் ருனாத்தேயில் கொடுப்பது கைவேலைக்கான கூலி, வெனிஸில் கொடுப்பது நாற்காலி வாடகை. எழுத்தாளர் ஹெமிங்வே உட்கார்ந்த அறையின் நாற்காலி என்பதால் வாடகை சற்று ஏறுகிறது.

அடுத்த தலைமுறைக்குக் கைமாறிய விதம்தான் இன்னும் சுவையானது. வெனிஸில் தந்தையிடமிருந்து மகனுக்கு. 1932இல் பிறந்த மகனுக்கு அர்ரீகோ என்று பெயர். ஹாரியின் இத்தாலிய வடிவம் அது. கடைக்கு வாடிக்கையாளர் பெயர், பிள்ளைக்குக் கடையின் பெயர்! ருனாத்தேயில் அடுப்படி மாமியாரிடமிருந்து மருமகளுக்குப் போனது: தெரேசா, பிறகு புரூனா, பிறகு நாதியா. அரசியல் அறிவியல் படித்துவிட்டு வந்த நாதியா, மாமியாரிடமும் கணவரின் பாட்டியிடமும் கரண்டி பிடிக்கக் கற்றார். மாமியார் சமையலை மருமகள் மெச்சியதற்கு இதைவிடப் பெரிய ஆவணம் இருக்க முடியாது.

பலகையில் எழுதாத குடும்பப் பெயர் என்ன ஆனது? வெனிஸில் அது ஊர் ஊராகக் கிளை பரப்பியது, வழக்கிலும் சிக்கியது. ஜூசெப்பே 1958இல் ஜியூதெக்கா தீவில் தொடங்கிய ஓட்டல் சிப்ரியானி பின்னர் பிறர் கைக்குப் போயிருந்தது. லண்டனில் குடும்பத்தார் அதே பெயரில் உணவகம் நடத்த, 2008இல் அங்குள்ள நீதிமன்றம் ஓட்டலின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சிப்ரியானிகள் சிப்ரியானி என்று எழுத முடியாமல் ‘சி லண்டன்’ என்று பலகை மாட்டினார்கள்.

ருனாத்தேயில் பெயர் வீட்டுக்குள்ளேயே சுற்றியது. அன்தோனியோ, அவர் மகன் ஜொவான்னி, அவர் மகன் அன்தோனியோ, அவர் மகன் ஜொவான்னி. ‘பெயரன்’ என்ற நம் சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான குடும்பம் கிடைக்காது. அந்தக் கடைசி ஜொவான்னிதான் இப்போது அடுப்படியில் தாய் நாதியாவின் பக்கத்தில் நிற்கிறார். மருமகள்கள் பிடித்துவந்த கரண்டியை ஒரு மகன் பிடித்திருக்கிறார்.