வாவியின் இசையும் கருந்துளையின் அதிர்வும்



மட்டக்களப்பு வாவியிலே பூரணை நிலவில் தோணியிற் செல்வோர், கல்லடிப் பாலத்தருகே துடுப்பை நீரில் அமிழ்த்தி, அதன் மறு நுனியிற் செவி வைத்துக் கேட்பது பழைய வழக்கம். ஆழத்திலிருந்து மெல்லிய இசை எழும். பாடுவது மீன் என்பாரும் உளர். ஊரி என்பாரும் உளர். 1848ஆம் ஆண்டில் இங்கு வந்த எமர்சன் டெனன்ற் என்னும் பிரித்தானிய அதிகாரி, ஈரவிரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்க எழும் ஓசைக்கு அதனை ஒப்பிட்டார். கண்ணுக்குப் புலனாகாததைச் செவியால் அறிய முயலும் இம்முயற்சியே இன்று விண்ணிலும் நடைபெறுகின்றது.

இவ்வாவிக் கரையிலே, கல்லடி உப்போடையிற் கல்விப்பணி புரிந்தவர் சுவாமி விபுலாநந்தர். தமிழோடு விஞ்ஞானமும் பயின்ற அவர், வழக்கொழிந்த பழந்தமிழ் யாழை மீட்க முற்பட்டார். கருவி கையில் இல்லை. சிலப்பதிகாரத்தின் குறிப்புகளும் அதிர்வின் கணக்குமே துணையாயின. நரம்பின் நீளம், இறுக்கம், தடிப்பு ஆகியவையே அதன் சுரத்தை நிர்ணயிப்பன. ஆதலின் சுரத்தை ஆராய்ந்து கருவியின் இயல்பை உணரலாம். அவ்வாராய்ச்சியின் பயனாகிய யாழ்நூல் 1947 யூன் மாதத்தில் அரங்கேறிற்று.

இனி, கருந்துளை என்பது யாது? ஒளியும் தப்பி வெளியேற இயலாத அளவுக்கு ஈர்ப்பு மிக்க இடமே அது. அதனை நேரே காண இயலாது. ஆயினும் அது தாக்குண்டால் மணி போல் அதிர்ந்து அடங்கும் என்பதை 1970இல் கணித்துக் காட்டியவர், பெங்களூரிற் பிறந்த சி. வி. விசுவேசுவரா. சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சந்திரசேகரும் தெற்றுவைலர் என்பாரும் 1975இல் அவ்வதிர்வுகளை விரிவாகக் கணித்தனர். ஐன்ஸ்டைனின் கொள்கைப்படி, அச்சுரத்தின் உயரமும் அது அடங்கும் விரைவும் கருந்துளையின் திணிவையும் சுழற்சியையுமே பொறுத்தவை.

1915இல் ஐன்ஸ்டைன் நிறுவிய அக்கொள்கை, கருந்துளையின் நடுவிலே அளவுகள் எல்லையின்றிப் பெருகும் என்கின்றது. அணுவுலகை விளக்கும் குவாண்டக் கொள்கையோடும் அது இன்னும் இணங்கவில்லை. ஆதலின் அறிஞர் சிலர் ஈர்ப்புக் கொள்கையைத் திருத்தி அமைத்துள்ளனர். அத்திருத்தங்கள் பலவற்றில் கருந்துளையின் சுரம் மாறும். அதன் நிழலின் அளவும் மாறும். நிழலாவது, அருகே செல்லும் ஒளியைக் கருந்துளை விழுங்குவதால் ஒளிவளையத்தின் நடுவே தோன்றும் இருள். ஐன்ஸ்டைனின் கணக்குப்படி, சுழலாத கருந்துளையின் நிழல் அதன் எல்லையினும் ஏறக்குறைய 2.6 மடங்கு பெரிது. ஆகவே சுரத்தையும் நிழலையும் அளந்தால், எக்கொள்கை மெய் என்பதைச் சோதிக்கலாம்.

2015 செப்தெம்பர் 14ஆம் நாள், இரு கருந்துளைகள் மோதி ஒன்றாகியதால் எழுந்த ஈர்ப்பு அலையை அமெரிக்காவின் லைகோ ஆய்வுக்கூடங்கள் பதிவு செய்தன. புதிய கருந்துளை சூரியனைப் போல் ஏறத்தாழ 62 மடங்கு திணிவுடையது. 2019 ஏப்பிரல் 10இல், எம் 87 என்னும் விண்மீன் கூட்டத்தின் நடுவிலுள்ள கருந்துளையின் நிழற்படம் வெளியாயிற்று. 2022 மே 12இல் நம் பால்வீதியின் நடுவிலுள்ளதன் படமும் வந்தது. 2025 சனவரி 14இல் முன்னதினும் தெளிவாக வந்த அலையிலே, அடங்கும் ஓசையின் இரு சுரங்கள் பிரித்தறியப்பட்டன. இவை யாவும் ஐன்ஸ்டைனின் கணக்கோடு இதுவரை ஒத்தே நிற்கின்றன. ஆயினும் வழக்கு முடிந்துவிடவில்லை. திருத்திய கொள்கைகளுட் சில தள்ளப்பட்டன. வேறு சில, அளவையின் பிழைக்குள் இன்னும் இடம்பெற்றுள்ளன. நுட்பமான கருவிகளே இனித் தீர்ப்புக் கூறவேண்டும்.

யாழ்நூல் அரங்கேறிய மறுமாதமே விபுலாநந்தர் மறைந்தார். கல்லடியில் அவர் சமாதி உள்ளது. விசுவேசுவராவோ, 1970இல் தாம் எண்ணால் உணர்ந்த அதிர்வை உலகம் கருவியாற் கேட்டதை 2016இல் அறிந்து, அடுத்த ஆண்டிற் காலமானார். கணக்கு முன்னே செல்லும். செவி பின்னே வந்து சேரும். அதுவரை பொறுத்திருப்பது அறிவுடையார்க்கு அழகு. வாவியில் துடுப்பிற் செவி வைத்துக் காத்திருந்தோர் நமக்குக் கற்பிப்பதும் அதுவே.