புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் (வங்கதேசம்)

வங்கதேசக் கடற்கரையில் புயல் எச்சரிக்கையை வீடு வீடாகக் கொண்டுசேர்க்கும் தன்னார்வலர் அமைப்பு. 1970 நவம்பரில் போலா புயல் மூன்று லட்சம் பேருக்குக் குறையாமல் பலிகொண்டது. புயல் வருவது வானிலையாளர்களுக்குத் தெரிந்திருந்தது. தீவுகளில் உறங்கிக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் போதிய சேதி எட்டவில்லை. அந்த இடைவெளியை அடைக்க 1972இல் செஞ்சிலுவைச் சங்கம் தொடங்கிய முயற்சியில் மறு ஆண்டே அரசும் சேர்ந்துகொண்டது.

எச்சரிக்கை வந்ததும் ஊர்த் தன்னார்வலர்கள் கொடி ஏற்றுவார்கள். ஒன்று என்றால் கவனம். மூன்று என்றால் பேராபத்து. ஒலிபெருக்கியோடு தெருத்தெருவாகப் போவார்கள், முதியோரைப் பாதுகாப்பிடம் சேர்ப்பார்கள். சம்பளம் கிடையாது.

மாட்டை விட்டுவிட்டு வரமாட்டோம் என்று மறுப்பவர்கள் உண்டு. அது பிடிவாதமல்ல, பிழைப்பு. கால்நடைகளையும் ஏற்றிக் காக்க ‘முஜிப் கில்லா’ எனும் மண்மேடுகள் எழுப்பப்பட்டன. 1991 புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தனர். அவர்களில் பெண்களே மிகுதி. ஆண் துணையின்றி வீட்டைவிட்டுக் கிளம்பத் தயங்கியது ஒரு காரணம். பெண்களைப் பெருமளவில் அமைப்பில் சேர்த்தது தாமதமாகத்தான் என்று சொல்ல வேண்டும்.

இன்று சுமார் 76,000 தன்னார்வலர்களில் பாதிப்பேர் பெண்கள். 2020 மே மாத ஆம்பன் புயலின்போது, கொரோனாவுக்கு நடுவிலும், 20 லட்சத்துக்கும் அதிகமானோர் பாதுகாப்பிடங்களுக்கு மாற்றப்பட்டனர்.