பழைய புல்லட்டும் புதிய புல்லட்டும்: ஒரு இழுவைக் கணக்கு

நம் முன்னாள் மாணவர் கூட்டங்களில் தீராத வழக்கு ஒன்று உண்டு. "பழைய இரும்பு இன்ஜினுக்கு உள்ள இழுவை இப்பம் வாற புல்லட்டுக்கு உண்டுமா?" என்பார்கள் மூத்தவர்கள். இளையவர்களோ, பவர் கூடியிருக்கிறது என்று நோட்டீஸை நீட்டுவார்கள். இரு தரப்பும் பேசுவது வெவ்வேறு விஷயம் என்பதே அடியேன் எண்ணம்.

சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின, தொழிற்சாலை திருவொற்றியூரில். தாய்க் கம்பெனி 1970-ல் நின்ற பிறகும் பிள்ளை இங்கே ஓடிக்கொண்டிருந்தது. அந்த 346 சிசி இன்ஜினின் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ.; 5625 சுற்றில் 18 குதிரைத்திறன். 2020-ல் மீட்டியரிலும் 2023-ல் புல்லட்டிலும் வந்த 349 சிசி இன்ஜினில் போர் 72, ஸ்ட்ரோக் 85.8; 6100 சுற்றில் 20.2 குதிரைத்திறன்.

பவர் என்பது டார்க்கைச் சுழல் வேகத்தால் பெருக்கி வருவது. லேபில் டைனமோமீட்டர் முன்னால் வியர்த்து நின்றவர்களுக்கு மறந்திருக்காது. எனவே திருப்பி வகுத்துப் பாருங்கள். உச்ச பவர் வரும் இடத்தில் பழையதன் டார்க் ஏறக்குறைய 23 நியூட்டன் மீட்டர். புதியதும் அதே 23-ஐ ஒட்டித்தான்! கூடிய 2 குதிரைத்திறனில் பெரும்பகுதி, கூடுதலாகச் சுற்றும் 475 சுற்றிலிருந்து வந்தது. ஒரு மூச்சில் சிலிண்டர் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்பதைப் பொறுத்தது டார்க். சிலிண்டரின் கொள்ளளவு மாறவில்லையே.

அப்படியானால் மூத்தவர்கள் உணர்ந்த இழுவை பொய்யா? பொய்யில்லை, அது கனத்த ஃப்ளைவீலின் வேலை. கிளட்சை விடும்போது சேமித்த ஆற்றலைக் கொடுத்து வண்டியை அணையாமல் காக்கும். ஆனால் ரப்பர் ஷீட் கட்டோடு கீரிப்பாறை ஏற்றத்தில் தொடர்ந்து ஏறும்போது ஃப்ளைவீல் காலணாவுக்கு உதவாது. அங்கே இன்ஜின் டார்க்கும் கியர் விகிதமும்தான் பேசும். புதியதில் 4000 சுற்றிலேயே உச்ச டார்க் 27 கிடைக்கிறது. கியரும் நாலுக்குப் பதில் அஞ்சு.

இடையில் ஆர்எக்ஸ் 100 ரசிகர்கள் முறைப்பது தெரிகிறது. 98 சிசியில் 11 குதிரைத்திறன் சாதாரணமா? டூ-ஸ்ட்ரோக் அல்லவா, ஒவ்வொரு சுற்றிலும் வெடிக்கும். ஆனால் அதன் உச்ச டார்க் 10.39-தான், அதுவும் 6500 சுற்றில். கீழே விட்டால் ஆள் சோர்ந்துபோவான்.

பவரின் அருமை தெரிய வேண்டுமானால் ஆடி மாசம் காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவிலுக்கு வாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று நேர் எதிரே அடிக்கும். வேகம் குறையாமல் வர, உயர்ந்த சுற்றிலேயே இன்ஜினை வைத்திருக்க வேண்டும். பழையதில் அதிர்வு கையை மரக்கடிக்கும். 5625 வரை முறுக்கி வைத்திருந்தவர்கள் சொற்பம். புதியதில் அதிர்வைச் சமன்செய்யத் தனி பேலன்சர் ஷாஃப்ட் இருப்பதால், தோவாளை வரை ஆக்சிலேட்டரைத் தளர்த்தாமல் வந்துவிடலாம்.