முத்துச்சிப்பியும் பைதான் 2.7-ம்

மில்லர்புரத்திலிருந்து கடலோரமா வடக்கே போனா வேப்பலோடை வரும். இந்தியாவில் முதன்முதலாக உருண்டையான வளர்ப்பு முத்து எடுத்தது அங்கேதான். ஆண்டு 1973. செய்தவர்கள் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி குழுவினர். நம்ம பக்கம் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிருந்தது. ஜப்பானோ முத்து வளர்க்கும் நுட்பத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தது. அதனால் இங்கே எல்லாவற்றையும் தாங்களேதான் செய்து பார்க்க வேண்டியிருந்தது.

அதே பிங்க்டாடா ஃபுகாட்டா சிப்பியின் ஜீனோம் வரைவு 2012-ல் ஒகினாவாவிலிருந்து வந்தது. சிப்பி ஆராய்ச்சியில் பாதி இப்போ கம்ப்யூட்டரில்தான். இங்கே செய்முறையை யாரும் ஒளிக்கிறதில்லை, அது தானாகவே செத்துப்போகிறது.

க்யூஐஐஎம்இ என்று எழுதி 'சைம்' என்று சொல்லும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 2010-ல் வந்தது. சிப்பியின் குடலிலோ கடல்மண்ணிலோ என்னென்ன பாக்டீரியா இருக்கு என்று டிஎன்ஏ-வை வைத்துச் சொல்லும். அதன் முதல் தலைமுறைக்கு பைதான் 2.7 வேண்டும், படம் வரைய மேட்பிளாட்லிப் 1.4.3 என்று குறிப்பிட்டே போடச் சொன்னார்கள். பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ல் முடிந்தது. புதுக் கருவிகள் எல்லாம் பைதான் 3 கேட்கும். இரண்டையும் ஒரே இடத்தில் போட்டால் ஒன்று மற்றதைக் கெடுக்கும்.

2007-ல் வந்த விர்ச்சுவல்என்வ் பைதான் பேக்கேஜ்களை மட்டும்தான் பிரித்து வைத்தது. உயிரியல் பைப்லைனில் சி-யில் எழுதினது, ஆர், ஜாவா எல்லாம் கலந்து கிடக்குமே? அதற்கு 2012-ல் வந்த கோண்டாதான் சரிப்பட்டது. ஒவ்வொரு என்விரான்மென்ட்டுக்கும் ஒரு தனி ஃபோல்டர். அதற்குள்ளேயே தனி பைதான், தனி லைப்ரரிகள். 'ஆக்டிவேட்' செய்தால், கட்டளைகளைத் தேடும் வரிசையில் அந்த ஃபோல்டர் முன்னால் வந்து நிற்கும், அவ்வளவுதான். பின்னாடி பயோகோண்டா என்ற பொதுக் களஞ்சியம் வந்தது. சைமையும் ஒரே கட்டளையில் இறக்க முடிந்தது.

ஆனா தனி அறை மட்டும் போதாது என்பது என் எண்ணம். ஆய்வுக்கட்டுரையில் 'சைம் 1.9.1 பயன்படுத்தினோம்' என்று ஒரு வரி இருக்கும். கூட எந்த நம்பை இருந்தது, எந்த சைபை இருந்தது என்று இருக்காது. பத்து வருஷம் கழித்து அதே கணக்கைப் போட்டுப் பார்க்க நினைக்கும் மாணவர், வேப்பலோடைக்காரர்கள் மாதிரி முதலிலிருந்து தொடங்கணும். கோண்டாவிடம் கேட்டால் என்விரான்மென்ட்டில் இருக்கிற ஒவ்வொரு பேக்கேஜின் பதிப்பும் இறக்கின முகவரியும் பட்டியலாக வரும். சில நூறு வரிதான். கட்டுரையோட இணைப்பாகவே போட்டுவிடலாம்.